விறகுக் கொட்டகை சைக்கிள்

வேலையில் சேர வந்த அன்று அவள் ஒரு கையில் டிரங்குப் பெட்டியும் தோளில் ஒரு சைக்கிள் ரிம்முமாக வந்து நின்றாள். ரிம் துருவேறி இரண்டு இடத்தில் நெளிந்திருந்தது. ஸ்டேஷனிலிருந்து தண்டவாளத்தை ஒட்டி நடந்து வரும்போது முள்ளுப் புதரில் கிடந்ததாம்.

"இது இன்னாத்துக்கு?" என்று கேட்டேன்.

"தெரியலக்கா. சும்மா கெடந்துச்சி, எடுத்தாந்தேன்."

என்னை அவள் அதற்கு முன் பார்த்ததே இல்லை. வாசலில் நின்ற முதல் நிமிஷத்திலேயே அக்கா ஆக்கிவிட்டாள். மறுநாள் வா, போ என்றும் பேச ஆரம்பித்துவிட்டாள். நான் அவளைவிட மூன்று வருஷம் சர்வீசில் மூத்தவள். பயிற்சியில் முதலாவதாகத் தேறியவள். இதை ஏன் இப்போது சொல்கிறேன் என்றால், அவளைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டும் முதலில் ஞாபகம் வரும்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. கும்மிடிப்பூண்டிக்கும் ஆரம்பாக்கத்துக்கும் நடுவில் ஒரு கிராமத்துப் பிரசவ விடுதியில் நாங்கள் இரண்டு பேர்தான் நர்சுகள். அந்தப் பக்கம் ஆலைகள் வருவதற்கு வெகுகாலம் முன்பு. கண்ணுக்கெட்டிய வரை நெல்வயலும் பனைமரமும், நடுவே ரயில் பாதையும்தான். விடுதி என்று பேர்தானே தவிர, பிரசவத்துக்கு யாரும் அங்கே வர மாட்டார்கள். நாங்கள்தான் போக வேண்டும். வலி கண்டதும் அந்த வீட்டு ஆம்பளை வண்டி கட்டிக்கொண்டு வருவார். அவர் வந்து சேர ஒரு மணி நேரம், எங்களை ஏற்றிக்கொண்டு போக ஒரு மணி நேரம். பாதி நாள் நாங்கள் போய் இறங்கும்போது குழந்தை பிறந்து அழுதுகொண்டிருக்கும், அல்லது அழாமல் கிடக்கும்.

வாகன வசதி கேட்டு, திருவள்ளூரில் இருந்த எங்கள் மேல் ஆபீசுக்கு நான் நான்கு முறை எழுதியிருந்தேன். நான்கு முறையும் 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. பதில்களைத் தேதிவாரியாகக் கோத்து வைத்திருந்தேன். அதை அவளிடம் எடுத்துக் காட்டினேன். பொறுமையாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா வெச்சிக்கினு இருக்கக்கா" என்றாள். கேலி செய்கிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. அதுதான் எனக்குக் குத்தியது.

அவளுக்கு இல்லாத பொருளைப் பற்றிப் பேசத் தெரியாது. "இருக்கறத வெச்சிப் பாப்பம்க்கா" என்பாள். குழந்தை நிறுக்கும் தராசு உடைந்தபோது நான் புது தராசுக்கு விண்ணப்பம் எழுத உட்கார்ந்தேன். அவள் பக்கத்துக் கறிகாய்க்காரியிடம் தூக்குத் தராசை வாங்கி, வெந்நீர் ஊற்றிக் கழுவி, தட்டுக்குப் பதில் துணித் தூளி கட்டி, குழந்தையை நிறுத்துவிட்டு வந்தாள். எடை சரியாகத்தான் இருந்தது. நான் எழுதிய விண்ணப்பத்தைக் கிழித்துப் போட்டேன்.

அவள் அப்பா பெரம்பூர்ப் பக்கம் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பிட்டர். ஆறு பெண்களில் இவள் கடைசி. வீட்டில் ஆண்பிள்ளை இல்லாததால் ஸ்பேனரும் சுத்தியும் இவள் கைக்கு வந்ததாம். சொன்னது அவ்வளவுதான். சொந்தக் கதை பேசுகிறவள் இல்லை.

எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு விறகுக் கொட்டகை இருந்தது. வந்த மாதமே விறகை ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டு அதைத் தன் பட்டறை ஆக்கிக்கொண்டாள். முதலில் அந்த ரிம்மை ஆணியில் மாட்டி வைத்தாள். அப்புறம் ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. ரைஸ்மில்காரர் மகளுக்கு இரட்டைக் குழந்தை, இரண்டும் பிழைத்தன. அவர் தாம்பாளத்தில் பட்டுப்புடவையும் பழமும் வைத்து நீட்டினார். இவள் அதைத் தொடாமல், "உங்க மாட்டுக் கொட்டாயில ஒரு ஒடஞ்ச சைக்கிளு கெடக்குதே, அத தர்றீங்களா நைனா?" என்று கேட்டாளாம். லாரியில் அடிபட்டு ஃபோர்க் மடங்கிப் போன வண்டி அது. மனிதர் சிரித்துவிட்டு ஆளை வைத்தே அனுப்பி வைத்தார். அந்தப் புடவை நீலத்தில் அரக்கு பார்டர் போட்டது என்று கேள்விப்பட்டேன். நானாக இருந்தால் வாங்கியிருப்பேன்.

ஆம்பளை சைக்கிளின் மேல்கம்பி புடவைக்கு இடைஞ்சல் என்று, அதை ரம்பத்தால் அறுத்துக் கீழே சாய்த்து வைத்துப் பற்றவைத்தாள். கரி அடுப்பும் தோல் துருத்தியும் உள்ளூர் ஆசாரியிடம் இரவல். உடைந்த குத்துவிளக்குத் துண்டுகளை உருக்கி, வெங்காரம் தூவி, பித்தளைப் பற்று போட்டாள். துருத்தியை மிதிக்க ஆள் இல்லாதபோது என்னைக் கூப்பிடுவாள். ஒரு தடவை போனேன். நெருப்பு நீலமாக ஏறியதும் பித்தளை தண்ணீர் மாதிரி ஓடி இடுக்கில் புகுந்துகொண்டது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்திருந்தாள். குழந்தையின் தலை தெரியும்போது அவள் முகம் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. அடுத்த தடவை எனக்குத் தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

மடங்கிய ஃபோர்க்கை எங்கள் அம்மிக்கல்மேல் வைத்துத்தான் அடித்து நிமிர்த்தினாள். ஒரு வாரம் சட்னியில் துரு வாசனை அடித்தது. மூன்று அறுந்த சங்கிலிகளில் நல்ல கண்ணிகளாகப் பொறுக்கி ஒரே சங்கிலியாகக் கோத்தாள். ஒரு பெடல் இரும்பு, இன்னொன்று நாவல் கட்டையில் செதுக்கியது. பின்சக்கரம் பட்டணத்துப் பழைய சாமான் கடையில் கிடைத்தது, முன்சக்கரத்தைவிடச் சின்னது. அதனால் வண்டி எப்போதும் மேட்டில் ஏறுவது போலவே இருக்கும். விடுதியில் காலியான பால்பவுடர் டின்னை வெட்டித் தட்டிச் சங்கிலிக்கு மூடி போட்டாள். கேரியரை மருந்துப் பை அளவுக்குக் கம்பி வளைத்துச் செய்தாள்.

கடைசியாக, முன்சக்கரத்துக்குப் போட்ட அந்த ரிம்மின் நெளிசல். சக்கரத்தைச் சுழலவிட்டு, பக்கத்தில் சாக்குக்கட்டியை அசையாமல் பிடித்துக்கொள்வாள். ரிம் எங்கே கோணலோ அங்கே மட்டும் வெள்ளையாகக் கோடு விழும். அந்த இடத்து ஸ்போக்கைத் திருகுவாள். துடைத்துவிட்டு மறுபடி சுழற்றுவாள். மூன்று சாயங்காலம் இதே வேலை. நாலாம் நாள் சக்கரம் சுற்றிச் சுற்றி நின்றது. கட்டியில் படவே இல்லை. "அக்கா, வந்து பாரேன்" என்று கூப்பிட்டாள். ஈரக் கையோடு போய்ப் பார்த்தேன். "ம்" என்றேன். உள்ளே வந்து குழம்பில் உப்பை இரண்டு தரம் போட்டேன்.

மணி மட்டும் அவளுக்குக் கிடைக்கவில்லை. "ஓரம், ஓரம்" என்று வாயால் கத்திக்கொண்டே போவாள். முதல் நாள் ஊரே வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்தது. இரண்டு மாதத்தில் அந்தக் குரல் கேட்டால் மாட்டை இழுத்துப் பிடித்து வழிவிட ஆரம்பித்தார்கள். அதற்கப்புறம் கூப்பிட வருகிறவர்கள் வண்டி கட்டிக்கொண்டு வரவில்லை. ஓடி வந்து சொன்னால் போதும், அவர்களுக்கு முன்னால் இவள் போய்ச் சேர்ந்திருப்பாள். ஆரம்பாக்கம் தாண்டியும் பேர் பரவியது. சைக்கிளம்மா என்றார்கள். அவள் நிஜப் பேர் அங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. நானும் அதை இங்கே எழுதப்போவதில்லை.

ஒரு நாள் அவள் வேறு ஊருக்குப் போயிருந்த சமயம், பழவேற்காட்டிலிருந்து வந்து எங்கள் பக்கம் ஜவுளிக்கடை வைத்திருந்த பாய் வீட்டிலிருந்து ஆள் வந்தது. நான் போனேன். வாசலில் நின்ற பெரியம்மா எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"அந்த சைக்கிளம்மா வரலியா?"

"இல்லம்மா. நான்தான் வந்திருக்கேன்."

"பரவால்ல. வாங்க."

குழந்தைக்குக் கொடி சுற்றியிருந்தது. நல்ல கஷ்டமான பிரசவம். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். நாஷ்டா கொடுத்து, மரியாதையாக வண்டி வைத்து அனுப்பினார்கள். வழி முழுக்க எனக்கு அந்தப் 'பரவால்ல' மட்டும்தான் காதில் இருந்தது.

அவளுக்கு இதெல்லாம் தெரியாது என்று சொல்ல முடியாது. ஏனென்றால் அந்த வாரமே, "நீயும் கத்துக்கக்கா. ஆளுக்கு ஒரு நாளு எடுத்துக்கினு போலாம்" என்றாள். எனக்காக சீட்டை இறக்கி வைத்தாள். நான் ஏறி உட்கார்ந்தேன். பின்னால் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். "நேரா பாருக்கா, கீழ பாக்காத" என்றாள். பத்து அடி போயிருப்பேன். வண்டி என் காலடியில் லேசாக ஓடியது. அது எவ்வளவு நன்றாகச் செய்த வண்டி என்று உடம்புக்குத் தெரிந்தது. காலை ஊன்றி இறங்கிவிட்டேன். புடவை கிழிந்துவிடும் என்றேன். சின்னவளிடம் கற்றுக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம்தான் அந்தக் கடிதத்தை எழுதினேன்.

பேர் போடாத மொட்டைக் கடிதாசி. இடது கையால் எழுதி, பொன்னேரிக்குப் போய்த் தபாலில் போட்டேன். சர்க்கார் டின்னைச் சொந்த வண்டிக்கு எடுத்துக்கொண்டாள் என்று ஒரு வரி. முக்கியமான வரி வேறு. கிரீஸும் கரியும் படிந்த கையோடு பிரசவம் பார்க்கிறாள், தாய்மார்களுக்கு ஜன்னி காணக்கூடும் என்று எழுதினேன். யாருக்கும் ஜன்னி கண்டதில்லை. அதனால் 'கண்டது' என்று எழுதாமல் 'காணக்கூடும்' என்று எழுதினேன். பொய் சொல்லும்போதுகூட நான் அப்படி ஜாக்கிரதை.

அவள் கை சுத்தம் எனக்குத் தெரியும். பட்டறையிலிருந்து எழுந்ததும் மண்ணெண்ணெய், அப்புறம் சோப்பு, தேங்காய் நார், கொதித்து ஆறிய தண்ணீர். நகத்தைச் சதையோடு ஒட்ட வெட்டியிருப்பாள். தினமும் இரண்டு வருஷம் பார்த்தவள் நான்.

திருவள்ளூரிலிருந்து மேலதிகாரி அம்மா ஜீப்பில் வந்தார். அவளை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"நீங்க கூடவே இருக்கீங்க. பிரசவத்துக்கு முன்னால அவங்க கை கழுவறத பார்த்திருக்கீங்களா?"

கதவு திறந்துதான் இருந்தது. அவள் வராந்தாவில் தூணோடு நின்றிருந்தாள்.

"நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து பிரசவத்துக்குப் போறதில்லீங்க. அதனால எனக்குத் தெரியாதுங்க" என்றேன்.

அதில் ஒரு சொல்கூடப் பொய் என்று யாரும் நிரூபிக்க முடியாது. மறு உத்தரவு வரும்வரை அவள் பிரசவம் பார்க்கக் கூடாது, விடுதியில் பதிவேடு எழுத வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஜீப் போனது. அன்று சாயங்காலம் அவள், "நீ இன்னாக்கா பண்ணுவ, பாக்காதத பாத்தேன்னா சொல்லுவ?" என்றாள். எனக்கே சமாதானம் சொன்னாள்.

மூன்று வாரம் எல்லா அழைப்பும் எனக்கே வந்தது. நான் ஆசைப்பட்டது அதுதான். மழைக்காலம், வண்டி மெதுவாகத்தான் போகும். சைக்கிளம்மா எங்கே என்று கேட்டவர்களிடம் லீவு என்றேன். இரண்டு குழந்தைகளை நான் போய்ச் சேருவதற்குள் இழந்தோம். சீக்கிரம் போயிருந்தாலும் அவை பிழைத்திருக்காது என்று இன்றைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஐப்பசியில் ஒரு நாள் முற்பகல், நாலு மைல் தள்ளியிருந்த ஊரிலிருந்து ஒருவர் சேறும் சகதியுமாக ஓடி வந்தார். அவர் பெண்சாதிக்குக் குழந்தை பிறந்துவிட்டது, நஞ்சுக்கொடி விழவில்லை, ரத்தம் நிற்கவில்லை. வண்டி பாதியில் சேற்றில் இறங்கிவிட்டதாம். நான் பையை எடுத்துக்கொண்டு திகைத்து நின்றேன். நாலு மைல் நடந்து போய்ச் சேர்வதற்குள் அந்தப் பெண் இருக்க மாட்டாள்.

அவள் கொட்டகையிலிருந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"ஒக்காருக்கா."

"உனக்கு ஆர்டர்..."

"பிரசவம் பாக்கக் கூடாதுன்னுதான் ஆர்டரு. ஒக்காரு."

கேரியரில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டேன். அவள் ரயில் பாதை மேட்டை ஒட்டிய ஒற்றையடிப் பாதையில் விட்டாள். அது மட்டும்தான் கெட்டியாக இருந்தது. சகதி வந்த இடத்தில் இருவரும் இறங்கித் தள்ளினோம். மழை முகத்தில் அடித்தது. அவள் முதுகு எழுந்து எழுந்து இறங்கியது. அந்த வண்டி ஒரு இடத்தில்கூட முனகவில்லை.

அந்த வீட்டுக்குள் நான் ஓடினேன். அவள் வெளியே வைக்கோல் போர் ஓரமாக நின்றுகொண்டாள். வயிற்றைப் பிசைந்து, நஞ்சை எடுத்து, ஊசி போட்டு, ரத்தம் நிற்கும் வரை கையை எடுக்காமல் அழுத்திக்கொண்டிருந்தேன். அப்போது, ஓடியே திரும்பி வந்து சேர்ந்த அந்த மனிதர் வாசலில் அவளிடம் கெஞ்சுவது கேட்டது.

"நீயும் உள்ள போம்மா. உன் கைராசி எங்களுக்குத் தெரியும்."

"எனக்கு உத்தரவு இல்ல நைனா" என்றாள் அவள். "பயப்படாதீங்க. உள்ள இருக்கறவங்க என்ன விட நல்லா பாப்பாங்க. எனக்கே ரெண்டு தபா சொல்லிக் குடுத்திருக்காங்க."

இரண்டு வருஷத்தில் என்னைப் பற்றி யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள்.

திரும்பும்போது மழை விட்டிருந்தது. பாதி வழியில், அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"அந்த லெட்டரு நான்தான் எழுதனது."

அவள் உடனே நிறுத்தவில்லை. கொஞ்ச தூரம் மிதித்துக்கொண்டே போனாள். பிறகு பிரேக் போட்டு ஒரு காலை ஊன்றினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"எறங்குங்க" என்றாள்.

இறங்கினேன். அவள் போய்விட்டாள். இரண்டு மைல் சகதியில் நடந்து வந்தேன். அந்த நடையில் என் மனதில் நின்றது அந்த ஒரு 'ங்க' மட்டும்தான். அதற்கப்புறம் அவள் என்னை அக்கா என்று கூப்பிடவில்லை. மறுநாள் காலை பதிவேட்டைக் கொண்டுவந்து வைத்து, "சிஸ்டர், நேத்து கேஸுக்குக் கையெழுத்துப் போடுங்க" என்றாள்.

போட்டுவிட்டு, அடுத்த ரயிலைப் பிடித்தேன். பேசின்பிரிட்ஜில் வண்டி மாறித் திருவள்ளூர் போய், மேலதிகாரி அம்மா முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"ஏன் அப்படி எழுதினீங்க?"

"எல்லாரும் அவளையே கேக்கறாங்கம்மா."

அவர் திட்டவில்லை. ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் நகர்த்தி, "இத எழுத்துல குடுங்க" என்றார். பொறாமையினால் எழுதினேன் என்று வலது கையால், என் பேரோடு எழுதிக் கொடுத்தேன். அந்தச் சொல்லை அதற்குமுன் நான் எதிலும் எழுதியதில்லை. எழுத்து நன்றாகத்தான் வந்தது.

பத்து நாளில் இரண்டு உத்தரவு வந்தது. அவள் பழையபடி பிரசவத்துக்குப் போகலாம். நான் திருவள்ளூருக்குத் தெற்கே வேறு ஊருக்குப் போக வேண்டும். கிளம்பும் நாள் காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று அவள் அறைக்குப் போனேன். விடியும்போதே ஏதோ அழைப்பு வந்து போய்விட்டிருந்தாள். கொட்டகையும் காலியாக இருந்தது.

ரயில் கிளம்பிக் கொஞ்ச தூரத்தில், வண்டிப்பாதை தண்டவாளத்தை ஒட்டி வரும் இடத்தில் அவளைப் பார்த்தேன். புடவையைத் தூக்கிச் செருகி, முன்னால் குனிந்து மிதித்துக்கொண்டிருந்தாள். ஒரு வீட்டில் வேலை முடிவதற்குள் அடுத்த வீட்டு ஆள் வந்துவிட்டார் போலிருக்கிறது. அவர் அவளுக்குப் பின்னால் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். எட்டிப் பிடிக்க முடியவில்லை. நான் ஜன்னல் வழியாகக் கையை நீட்டினேன். அவள் பார்க்கவில்லை. கோபமாக இருக்கலாம். பாதை முழுக்கப் பள்ளம், கண்ணை எடுக்க முடியாமலும் இருக்கலாம். கொஞ்ச நேரம் ரயிலும் அவளும் ஒரே வேகத்தில் போவது போல இருந்தது. பிறகு பாதை வயலுக்குள் திரும்பியது, அவளும் திரும்பினாள்.

அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அது எந்த ஊர்ப் பாதை, யார் வீடு, அந்த வீட்டுப் பெண்ணுக்கு எத்தனையாவது பிரசவம் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் இந்நேரம் வலியில் அவளைத்தான் கேட்டுக்கொண்டிருப்பாள். எனக்கு வயிறு எரிந்தது.